மேனேஜரின் கிண்ணம்

ஜூன் 4

பாப்பாவுக்கு,

ஆறு வருடமாகப் பேசாத நாத்தனாருக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது என்று தெரியவில்லை. முப்பத்தெட்டு வயதானாலும் இந்த வீட்டில் உனக்குப் பாப்பா என்றுதான் பெயர். அதையே எழுதிவிட்டேன்.

உன் அண்ணன் கப்பலுக்குக் கிளம்பிய அன்று என் சமையலறை மேஜைமேல் ஒரு கூண்டைக் கொண்டுவந்து வைத்தார். "பாப்பாவ மலைமேல மாத்திட்டாங்க. அந்தக் குளிர் கிளிக்கு ஆகாதாம். ரெண்டு நாள் பாத்துக்க, அவ வேற ஏற்பாடு பண்ணிடுவா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்ஸியில் ஏறிவிட்டார். இன்றோடு பன்னிரண்டு நாள். அவர் எந்தக் கடலில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறாரோ! நீ வானிலை நிலையத்தில் உட்கார்ந்து மழையை அளந்துகொண்டிருக்கிறாய். மாட்டிக்கொண்டது நான்.

இதே கிளியால்தான் நமக்குள் பேச்சு நின்றது. கிளி இருக்கிற அடுப்படியில் சமைக்க மாட்டேன் என்று நான் சொன்னேன், நீ கூண்டோடு படியிறங்கிப் போனாய். அதைக் கிளற இதை எழுதவில்லை.

உன் கிளி மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. பறவையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி டயட் கிச்சனில் பத்தொன்பது வருடம் நின்றவளுக்கு ஊதிப்போன உடம்பு எது, தேறின உடம்பு எது என்று தெரியாதா? கூண்டுக்குள் மூன்று கம்பி ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. நெஞ்சுப் பக்கம் இறகு மஞ்சள் தட்டியிருக்கிறது. மூக்கு கண்டபடி வளர்ந்து கிடக்கிறது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பறவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்றார். நீ அனுப்பியிருந்த டப்பாவைத் திறந்து காட்டினேன். சூரியகாந்தி விதை, கிரீம் பிஸ்கட், மறுபடியும் சூரியகாந்தி விதை. அவர் டப்பாவை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். "ஈரல் முழுக்கக் கொழுப்பு. இப்படியே போனா இந்த வருஷம் தாண்டாதும்மா" என்றார். காய், கீரை, பழம்தான் இனிமேல் பெரும்பங்கு. ஆப்பிளில் கொட்டையை எடுத்துவிட வேண்டும், வெண்ணெய்ப்பழத்தைக் கண்ணிலேயே காட்டக்கூடாது, உப்பும் எண்ணெயும் கிட்டே வரக்கூடாது. விதையை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எடை இன்று 168 கிராம்.

என் அடுப்படிக்கு வந்த நோயாளியைத் திருப்பி அனுப்ப என் கை வராது. அதனால் பார்த்துக்கொள்கிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

அண்ணி

•

ஜூன் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் ரேஷன் ஜீப்பில் வந்தது. வாரத்துக்கு இரண்டு நடைதான், மேலே போனும் எடுப்பதில்லை.

என் கிளியை நானே கொல்கிறேன் என்கிறீர்கள். ஆறு வருடம் கழித்து எழுதுகிற முதல் கடிதத்தில் அதைச் சொல்ல உங்களால்தான் முடியும்.

உங்கள் வீட்டிலிருந்து போன பிறகு நான் இருந்தது ஒரே ஒரு அறை. சாயங்காலம் சாவி போடுகிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து கூப்பிட ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அப்படிக் கூப்பிடுகிறவனிடம் போய் பீன்ஸை நீட்டச் சொல்கிறீர்களா? பிஸ்கட்டைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டி ஒரு கூத்து அடிப்பான் பாருங்கள், அதற்காகவே கொடுப்பேன். ஒரு நாளில் எனக்கு இருந்த ஒரே சிரிப்பு அதுதான்.

அவனுக்குச் சிவப்பு நிறம் பயம். புதுக் கிண்ணத்தில் வைத்தால் தொடமாட்டான். காலையில் கூண்டுத் துணியை எடுக்கும்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டு எடுக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் உங்களுக்கு வேண்டாத வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா

•

ஜூன் 14

பாப்பா,

வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள்கிறாய். இருக்கட்டும். உன் மேனேஜர் கதையைக் கேள்.

கேரட்டைத் துருவினேன். பூசணியை வேகவைத்தேன். பல்லில்லாத வார்டுக்கு நறுக்குகிற மாதிரி பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்கினேன். குடைமிளகாய், முளைக்கீரை, பப்பாளி எல்லாம் வைத்துப் பார்த்தேன். உன் பழைய கிண்ணத்தில்தான் வைத்தேன், சிவப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. அவன் ஒவ்வொரு துண்டாக எடுத்து, நன்றாகப் பார்த்து, கூண்டுக்கு வெளியே போட்டான். பூசணியைச் சுவரில் அடித்தான். பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறாய். எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜர் விண்ணப்பங்களை இப்படித்தான் பார்ப்பார்.

ஆனால் நல்ல செய்தி இருக்கிறது. எங்கள் கிச்சனில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு முடிந்ததும் வார்டு ஆட்கள் தட்டைப் பார்த்து ஒரு சீட்டில் குறிப்பார்கள்: முழுதும், பாதி, தொடவில்லை. நோயாளி சொல்வதை நாங்கள் நம்புவதில்லை, தட்டு சொல்வதைத்தான் நம்புவோம். மேனேஜருக்கும் சீட்டு போட்டுவிட்டேன். காய் தொடவில்லை, பழம் தொடவில்லை. விதையும் தொடவில்லை! விதைக் கிண்ணம் காலையில் பார்த்தாலும் நிறைந்திருக்கிறது, சாயங்காலம் பார்த்தாலும் நிறைந்திருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை மேலாக ஒரு சிட்டிகை தூவுகிறேன், அதுவே அதிகம்.

எடை என்ன தெரியுமா? 149. பத்தே நாளில் பத்தொன்பது கிராம். எங்கள் டாக்டர் பார்த்தால் கைகொடுப்பார். கத்துவதையும் விட்டுவிட்டான். இறகைப் புசுபுசுவென்று விரித்துக்கொண்டு சாதுவாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். மேல்மாடியில் இருக்கிற தையல்காரம்மாகூட, "என்ன, கிளிய திருத்திட்டீங்க போல!" என்றாள்.

பிஸ்கட் இல்லாமலும் ஒரு ஜீவன் இருக்கும் என்று தெரிந்துகொள்.

அண்ணி

•

ஜூன் 17

அண்ணி,

இது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஆள் வந்திருப்பார். நடந்ததைச் சொல்கிறேன்.

கிளி விதையை முழுசாக விழுங்காது. உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டுத் தோலை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். தோலும் பார்வைக்கு விதை மாதிரியேதான் இருக்கும். நான் தினமும் காலையில் கிண்ணத்தை எடுத்து ஒரு ஊது ஊதுவேன். தோல் பறந்துபோகும், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஒன்பது வருடப் பழக்கம். அது ஒரு விஷயம் என்றே தோன்றாததால் உங்களுக்கு எழுதவில்லை. நம் வீட்டில் இருந்தபோதும் பின்பக்கம் போய் ஊதிவிட்டு வருவேன், உங்கள் அடுப்படியில் குப்பை விழக்கூடாது என்று. அதனால் நீங்கள் பார்த்ததேயில்லை.

இன்று காலை ஜீப் வந்தது. "கிண்ணம் நிறைந்திருக்கிறது" என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். அவன் சாதுவாக இல்லை அண்ணி, பட்டினியில் இருக்கிறான். பதில் போட்டால் உங்களுக்கு வர மூன்று நாள் ஆகும்.

இங்கிருந்து உடனே கீழே சேதி போகிற வழி ஒன்றே ஒன்றுதான். காலை எட்டரைக்கு ரேடியோவில் தலைமை அலுவலகத்துக்கு அளவுகளை வாசிப்பேன். இன்றும் வாசித்தேன். வெப்பம் பதினொன்று, மழை பன்னிரண்டு மில்லிமீட்டர், காற்று மேற்கு. அதோடு நிறுத்தாமல், "பெரியாஸ்பத்திரி டயட் கிச்சனுக்கு உடனே ஆள் அனுப்பவும், கிளிக் கிண்ணத்தில் இருப்பது வெறும் தோல், ஊதிப் பார்க்கவும், கிளி பசியில் இருக்கிறது" என்று வாசித்தேன். அந்தப் பக்கம் குமாஸ்தா, "மேடம், இது எந்த ஸ்டேஷனோட அளவு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சார், இது என் வீட்டு விஷயம், தயவு பண்ணி ஒரு ஆள அனுப்புங்க" என்றேன். அதே அலைவரிசையில் இருந்த ஆறு நிலையங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுங்கள்.

பாப்பா

•

ஜூன் 18

பாப்பா, என் கண்ணே,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவன் இருக்கிறான். இப்போது, இதை எழுதும்போது, என் மடியில்தான் இருக்கிறான்.

நேற்று ஒன்பதேகாலுக்கு நூற்றெண்பது பேருக்கான சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வானிலை அலுவலக டிரைவர் ஒரு துண்டுச்சீட்டோடு உள்ளே வந்து, கவர்மெண்ட் உத்தரவு வாசிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று வாசித்தார். "வெறும் தோல்" என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கட்டியிருந்த ஏப்ரனோடு வீட்டுக்கு ஓடினேன். பாவம், மனிதர் நான் திரும்பி வரும்வரை சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாராம்.

கிண்ணத்தை எடுத்து ஊதினேன். முழுக்க என் முகத்தில் அடித்தது. அடியில் நாலு விதை இருந்தது பாப்பா. நாலே நாலு. மேனேஜர் கூண்டின் தரையில் கிடந்தான், கண் பாதி மூடியிருந்தது. கையில் எடுத்தேன், கொத்தக்கூட இல்லை. எடை 138.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கொழுப்பு இருக்கற பறவை பட்டினி கிடந்தா ஈரல் ஒரேயடியா விழுந்துடும். இன்னும் ஒரு நாள் போயிருந்தா என்கிட்ட கொண்டுவந்திருக்கவே வேணாம்" என்றார். ஊசி போட்டார். வாழைப்பழத்தையும் வெந்த பூசணியையும் கூழாகக் கரைத்துச் சிறிய ஸ்பூனில் ஊட்டச் சொன்னார். மணிக்கு ஒருதரம் ஊட்டுகிறேன். இன்று காலை ஸ்பூனைக் கடித்து இழுத்தான். அந்த இழுப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பத்தொன்பது வருடமாகத் தட்டைப் பார்த்துப் பசியைச் சொல்கிறவள் நான். கண்ணெதிரே ஒரு ஜீவன் பட்டினி கிடந்தது, அதைத் தேறுகிறான் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உன் வேலையைப் பணயம் வைத்து நீ சொன்னதால்தான் அவன் இருக்கிறான். நன்றி என்று எழுதினால் போதாது, ஆனாலும் எழுதுகிறேன். நன்றி. என்ன திட்ட வேண்டுமோ திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்கு நீ கூண்டோடு படியிறங்கியபோது உன் அண்ணன், "போய்க் கூப்புடு" என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினேன். தப்பு என் பேரில்தான்.

அண்ணி

•

ஜூன் 25

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஜீப் பக்கத்திலேயே நின்று படித்தேன். முதல் வரியிலேயே அவன் இருக்கிறான் என்று எழுதினீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும்.

திட்டமாட்டேன். திட்ட எனக்கு வாய் கிடையாது. பறவை டாக்டர் உங்களிடம் சொன்னதை இரண்டு வருடம் முன்பே வேறொரு டாக்டர் என்னிடம் சொன்னார். ஒரு வாரம் காய் வைத்துப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் என்னிடம் கோபித்துக்கொண்டால் என்னோடு பேச யார் இருக்கிறார்கள் என்று பயந்து, எட்டாம் நாள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன். டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் முதல் கடிதம் அவ்வளவு சுட்டதற்குக் காரணம், அது எனக்குத் தெரிந்த உண்மை என்பதுதான். நான் கைவிட்ட வேலையை நீங்கள் எடுத்துச் செய்கிறீர்கள். பெரிய மனசு அண்ணி.

உங்கள் சீட்டு முறைக்கு ஒரு யோசனை சொல்லட்டுமா? கிளி தனியாகச் சாப்பிடாது. கூட்டத்தோடு தின்கிற ஜாதி. பக்கத்தில் இருப்பவர் எதைத் தின்கிறாரோ அதைத்தான் நம்பும். நான் ராத்திரிக்கு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டேன், அவனும் பிஸ்கட் தின்றான். நான் கேரட் தின்றிருந்தால் அவனும் தின்றிருப்பான். இங்கே மலைமேல் உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் அது உறைக்கிறது. நீங்கள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து அதே காயைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

மெமோ வந்துவிட்டது. "அலுவல் அலைவரிசையில் கிளி தொடர்பான தகவல் ஒலிபரப்பியதற்கு விளக்கம்" கேட்டிருக்கிறார்கள். கிளி பசியில் இருந்தது என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். மற்ற நிலையங்களிலிருந்து தினமும் காலையில் அளவு வாசித்துவிட்டு மெதுவாக, "மேடம், கிளி எப்படி இருக்கு?" என்கிறார்கள்.

பாப்பா

•

ஜூலை 16

பாப்பா,

ஒரு ரகசியம் சொல்கிறேன், உன் அண்ணனுக்குத் தெரியாது. நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஊர்ப்பட்ட நோயாளிக்கு உப்பு பார்த்து, காய் பார்த்து, தட்டு அலங்கரித்து அனுப்பிவிட்டு, நான் கிச்சன் வாசலில் நின்றபடி மீந்த ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று பல வருடமாக இப்படியே ஓடிவிட்டது.

நீ எழுதினதைப் படித்துவிட்டு ஒரு தட்டில் கேரட்டும் வெள்ளரியும் கொய்யாவும் நறுக்கிக்கொண்டு கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். கூச்சமாக இருந்தது. எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கம்பிக்குக் கிட்டே வந்தான். மூன்றாம் நாள் தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "கிளிக்கு விருந்தா, உங்களுக்கு விருந்தா?" என்றாள். நாலாம் நாள் கூண்டைத் திறந்து வைத்திருந்தேன். இறங்கி மேஜைமேல் நடந்து வந்து, என் தட்டிலிருந்து, அவன் கிண்ணத்திலிருந்து இல்லை, என் தட்டிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்தான். ஒற்றைக் காலில் பிடித்துக்கொண்டு கடித்தான். நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். அவனும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அட, தின்னுடி என்பது போல இருந்தது. தின்றேன்.

இப்போது குடைமிளகாய் என்றால் உயிர். உள்ளே இருக்கிற விதையைத் தின்றுவிட்டுக் குடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். அதுவும் சிவப்புக் குடைமிளகாய், பயமெல்லாம் எங்கே போயிற்றோ. பீன்ஸை நீளவாக்கில் பிரிக்கக் கற்றுக்கொண்டான். கீரையை நனைத்துக் கட்டித் தொங்கவிட்டால் அதிலேயே குளிக்கிறான். பீட்ரூட் கொடுத்த அன்று என் சுவரைப் பார்த்திருந்தால் நீ போலீஸைக் கூப்பிட்டிருப்பாய். விதை நாளைக்கு ஒரு ஸ்பூன்தான், கிண்ணத்தை நானே ஊதுகிறேன். எடை 141, மூன்று வாரமாக நிலையாக இருக்கிறது. நெஞ்சில் புது இறகு பச்சையாக வருகிறது. டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி பயமில்ல" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஆட்டோக்காரர் கிளி போய்விட்டது என்று நினைத்துக் கூண்டுத் துணியை விலக்கிப் பார்த்தார். மேனேஜர் அவர் விரலைக் கடித்தான்.

லீவு கிடைத்தால் வா. கேட்டுக்கொண்டெல்லாம் வராதே, வா.

அண்ணி

•

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணி,

நேற்று மேலே வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டில் இருந்த நாலு நாள் போனதே தெரியவில்லை. பையைத் திறந்தால் கொய்யாவும் வெள்ளரியும் மட்டும் இரண்டு கிலோ இருக்கும் போல. ஜீப் டிரைவருக்குப் பாதி கொடுத்தேன்.

நேரில் சொல்லத் தைரியம் வராததை எழுதுகிறேன். நான் வந்த அன்று அவன் என் குரல் கேட்டுக் கத்தினான், தோளில் ஏறினான், சந்தோஷமாக இருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்ததும் உங்களிடம் போய்விட்டான். எனக்குள் என்னவோ புகைந்தது. என் பையில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் இருந்தது அண்ணி. பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். உங்களுக்குத் தெரியாமல் ஒன்றே ஒன்று கொடுக்கலாம் என்று.

மூன்றாம் நாள் நீங்கள் வேலைக்குப் போன பிறகு பாக்கெட்டை எடுத்தேன். சத்தம் கேட்டதும் பறந்து வந்தான். ஆமாம், பறந்து. ஒன்பது வருடத்தில் அவன் அறைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறந்ததை நான் பார்த்ததேயில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினான், பழைய கூத்து, ஒன்றையும் மறக்கவில்லை. கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தின்றிருப்பான். நான் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. மேல்மாடிக்குப் போய்த் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, பப்பாளியை நறுக்கி, அவனோடு உட்கார்ந்து தின்றேன். அவ்வளவுதான் நடந்தது.

ஜனவரியில் எனக்குக் கீழே மாற்றல் வந்திருக்கிறது, பழைய அறையே காலியாக இருக்கிறதாம். அவனைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கொடுத்ததில் சாகப்பார்த்தான், உங்கள் கையில் பிழைத்தான். உங்களிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். நீங்கள் செய்ததை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

உங்கள்,
பாப்பா

•

செப்டம்பர் 8

பாப்பா,

என் கையில் பிழைத்தானாம்! என் கையில்தான் அவன் பத்து நாள் பட்டினி கிடந்தான், அதை வசதியாக மறந்துவிட்டாய். ஆளுக்கொரு தடவை அவனைக் கொல்லப் பார்த்திருக்கிறோம். அதில் நீ பெரியவளா, நான் பெரியவளா என்று பட்டிமன்றம் வேண்டாம்.

பிஸ்கட் பாக்கெட்டை நீ வந்த அன்றே பார்த்தேன். உன் துணியை மடித்து வைக்கும்போது கையில் பட்டது. எடுத்து ஒளித்துவிடலாமா என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தது, பாலில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டு ஒரு வார்டிடமே ஏச்சு வாங்கினேன். கடைசியில் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தையல்காரம்மா படியில் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கையில் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, அவன் அந்தக் கூத்து ஆடும்போதும் பிரிக்காமல் இருந்தாயே, அதற்குமேல் யாரிடம் அவனை நம்பி விடுவது? ஜனவரியில் வந்து கூட்டிக்கொண்டு போ. அவன் உன்னுடையவன். இத்தனை நாள் என்னிடம் விட்டுவைத்தாய், நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தினமும் ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் மேஜையில் உட்காருகிறோம். அவன் வந்த பிறகுதான் இந்த வீட்டில் இரண்டு தட்டு எடுக்கிறேன். அவனை அனுப்பிவிட்டு அந்த மேஜையில் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அந்த அறைக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அதை யோசித்து எழுது.

அண்ணி